சட்டத்தில் அவள், கைப்பேசியில் அவன்

1

2023 ஆகஸ்டில் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசிக்கும்போது, மொழி படித்த ஒருத்தியின் கண்ணில் முதலில் படுவது அதன் சுட்டுப்பெயர்தான். ஆங்கில மூலத்தில், தரவுக்கு உரியவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் திருநராக இருந்தாலும் ‘அவள்’ என்றே குறிக்கப்படுகிறார். ‘அவள்’ என்பது எல்லாப் பாலினரையும் குறிக்கும் என்று வரையறைப் பகுதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம் ஆண்பாற்சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று சொன்னது. அதன்படி நூறாண்டுக்கும் மேலாக ‘அவன்’ என்ற சொல்லுக்குள் நாம் அடங்கிக் கிடந்தோம். இப்போது ‘அவள்’ என்ற சொல்லுக்குள் ஆண்கள் வந்திருக்கிறார்கள். மகிழ வேண்டிய மாற்றம்தான்.

ஆனால் ஒரு பிரதியில் ‘அவள்’ எத்தனை முறை வருகிறாள் என்று எண்ணிப் பார்ப்பதோடு பெண்ணிய வாசிப்பு முடிந்துவிடாது. அந்த அவள் எங்கே நிற்கிறாள், அவள் கையில் இருப்பது யாருடைய கைப்பேசி, அவள் ஒரு பொருளை வாங்கும்போது யாரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு தனிநபர் தன் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ தரவைக் கையாண்டால் இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. அதாவது சட்டம் வீட்டு வாசற்படி வரைக்கும் ‘அவள்’ கூடவே வந்து, அங்கே செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போய்விடுகிறது.

இணையத்தில் பொருள் வாங்குவது பெண்களுக்குச் சுதந்திரம் தந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். உண்மைதான். கடைக்காரர் முகத்தைப் பார்த்து உள்ளாடையின் அளவைச் சொல்லத் தேவையில்லை. மருந்துக்கடையில் கருத்தடைச் சாதனம் கேட்டுவிட்டுத் தெருவே பார்க்கிறதோ என்று கூச வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு எவை காவல், அந்தக் காவல் எந்தக் கண்ணிலிருந்து நம்மைக் காக்கிறது, எந்தக் கண்ணைக் காணாததுபோல் விட்டுவிடுகிறது என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. நான் வாசிக்கும் பிரதிகள் மூன்று: வங்கியின் எச்சரிக்கை, கடையின் திரை, நாட்டின் சட்டம்.

2

‘ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்.’ ‘தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள்.’ ‘ஏமாறாதீர்கள்.’ இவை நம் காலத்தின் அறநூல். எல்லாம் எதிர்மறை ஏவல். முன்னிலையில் இருப்பவர் ஒற்றை ஆள். அவர் கையில் அவருக்கே அவருக்கான ஒரு கைப்பேசி. எதிரே ஒரு திருடன். அந்தத் திருடன் எப்போதும் அந்நியன்.

இந்த எச்சரிக்கைகளை எள்ளி நகையாட எனக்கு விருப்பமில்லை. அவற்றுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. 2009 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் அட்டையைக் கொண்டு இணையத்தில் பணம் செலுத்தும்போது, அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்கள் மட்டும் போதாது, கூடுதலாக ஓர் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அதனால் அட்டை எண்ணைத் திருடியவனுக்கு அது மட்டும் போதவில்லை. ஓடிபியை நம் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டியிருக்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாகவும் கூரியரிலிருந்து பேசுவதாகவும் அழைப்புகள் வருவது இதனால்தான். யுபிஐ பின் கேட்கப்படுவது நம் கணக்கிலிருந்து பணம் போகும்போது. பணம் வருவதற்கு எந்தப் பின்னும் தேவையில்லை. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் ‘பணம் திருப்பித் தருகிறோம், பின்னைப் போடுங்கள்’ என்று சொல்பவன் யார் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆனால் பாதுகாப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நம்மை எச்சரித்துவிட்டுப் பொறுப்பை நம் தலையில் வைப்பது. இன்னொன்று, நம்மிடம் எதையும் போதிக்காமல் அமைப்பையே மாற்றுவது. 2022 அக்டோபர் 1 முதல் இணையக் கடைகள் நம் அட்டை எண்ணைத் தங்களிடம் சேமித்துவைக்கக் கூடாது என்று விதி வந்தது. அட்டை எண்ணுக்குப் பதிலாக ஒரு மாற்றுக் குறியீடு மட்டுமே அந்தக் கடையிடம் இருக்கும். நாளை அந்தக் கடையின் தகவல்கள் களவுபோனாலும் அந்தக் குறியீட்டை வைத்து வேறோர் இடத்தில் பொருள் வாங்க முடியாது. இந்த மாற்றத்துக்காக எந்தப் பெண்ணும் விழிப்புணர்வு வகுப்பில் உட்கார வேண்டியிருக்கவில்லை. 2020இல் வந்த இன்னொரு விதியால், புதிதாகத் தரப்படும் அட்டைகளில் இணையப் பயன்பாடு மூடியே இருக்கிறது. வேண்டியபோது நாமே திறக்கலாம், உச்சவரம்பு வைக்கலாம், மூடலாம்.

இவை நல்ல பூட்டுகள். எல்லாம் வெளியிலிருந்து வருபவனுக்கான பூட்டுகள்.

3

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. அதில் இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் 78.6 விழுக்காடு. தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் 53.9 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கணக்கு அவள் பெயரில் இருக்கிறது. அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள். ஆனால் அந்தக் கணக்கின் ஓடிபி போய்ச் சேர்வது கணவன் கைக்கோ மகன் கைக்கோ. ‘யாரிடமும் பகிராதீர்கள்’ என்ற அறிவுரை அவளிடம் வருவதற்கு முன்பே ஓடிபி பகிரப்பட்டுவிட்டது. சொல்லப்போனால் அது அவளிடம் வரவே இல்லை.

சொந்தக் கைப்பேசி இருக்கும் பெண்ணின் நிலையும் அவ்வளவு எளிதல்ல. அந்தக் கைப்பேசியின் திறவுகோல் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கடையின் செயலியில் கணக்கு ஒன்றுதான். அதில் தம்பி காலணி வாங்குகிறான், மாமியாருக்கு மருந்து வருகிறது, இவள் புத்தகம் வாங்குகிறாள். வாங்கியவற்றின் பட்டியல் எல்லாருக்கும் தெரிகிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை ஒருமுறை தேடினால் போதும், அடுத்த ஒரு வாரம் கைப்பேசியை யார் திறந்தாலும் குழந்தைகளுக்கான கட்டிலும் துணியும் வந்து நிற்கும். ‘இதெல்லாம் எதுக்கு வருது?’ என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அஞ்ச வேண்டிய வீடுகள் நம்மிடம் எத்தனையோ இருக்கின்றன.

தமிழ்ப் பெண்களுக்குப் பணத்தின் அந்தரங்கம் புதிதல்ல. அதற்குச் சிறுவாடு என்று பெயர். அரிசிப் பானையிலும் பருப்பு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் இருந்த அந்தக் காசுக்குக் கணக்கு கிடையாது, சாட்சி கிடையாது. மகளுக்குப் பேருந்துக் காசு, தாய்வீட்டுக்கு ஒரு செலவு, ஒருநாள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தால் முதல் பயணச்சீட்டு, எல்லாம் அதிலிருந்துதான். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது, அந்தச் சிறுவாடெல்லாம் கணவன் முன்னால் எடுத்து வைக்கப்பட்டது. அதை வெறும் நகைச்சுவைத் துணுக்காகவே நம் இதழ்களும் தொலைக்காட்சிகளும் சொல்லித் தீர்த்தன. அதன்பிறகு வந்த எண்மப் பணத்தில் சிறுவாட்டுக்கு இடமே இல்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் தேதி உண்டு, நேரம் உண்டு, யாருக்குப் போனது என்ற பெயர் உண்டு. குறுஞ்செய்தி டிங் என்று அடித்துக் காட்டிக்கொடுக்கும்.

2024 ஆகஸ்டில் யுபிஐ சர்க்கிள் என்றொரு வசதி வந்தது. வங்கிக் கணக்கு உள்ள ஒருவர், தன் கணக்கிலிருந்து பணம் செலுத்த வீட்டில் இன்னொருவருக்கு அனுமதி தரலாம். முழு அனுமதி என்றால் மாதம் 15,000 ரூபாய் வரை அவர் செலவழிக்கலாம். பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு முறையும் கணக்குக்காரர் பின் போட்டு ஒப்புதல் தர வேண்டும். வயதான தாய்க்கும் விடுதியில் படிக்கும் பிள்ளைக்கும் இது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வடிவமைப்பை ஒரு சராசரித் தமிழ்க் குடும்பத்துக்குள் வைத்துப் பாருங்கள். முதன்மைப் பயனர் யாராக இருப்பார், துணைப் பயனர் யாராக இருப்பார்? ‘உனக்கெதுக்குத் தனியா அக்கவுண்ட்? என் கணக்குலயே வாங்கிக்கோ’ என்ற அன்பான வாக்கியத்துக்கு இப்போது ஒரு பொத்தான் கிடைத்திருக்கிறது. சானிட்டரி நாப்கின் வாங்கினாலும் அவன் அலுவலகத்திலிருந்து பின் போட வேண்டும்.

இங்கே வங்கியின் தர்க்கமும் வீட்டின் தர்க்கமும் மோதிக்கொள்கின்றன. மோதலில் நசுங்குபவள் பெண். பெங்களூரில் 2013 நவம்பரில் மகப்பேறு விடுப்பில் இருந்த ஒரு பெண், தன் ஏடிஎம் அட்டையையும் பின்னையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். ரசீது வந்தது, பணம் வரவில்லை. வங்கி தர மறுத்தது. பின்னைக் கணவரிடம் சொன்னதே விதிமீறல் என்றது. வழக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போய், 2018இல் தீர்ப்பு வங்கிக்கே சாதகமாக வந்தது. பிரசவித்த உடம்போடு இருந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? தானே போயிருக்க வேண்டும், அல்லது காசோலையும் அதிகாரக் கடிதமும் கொடுத்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கணவனிடம் பின்னைச் சொல்லாத மனைவியைக் குடும்பம் ‘இவ என்ன பொண்டாட்டி?’ என்று கேட்கிறது. சொன்ன மனைவியை வங்கி ‘அலட்சியக்காரி’ என்கிறது. இரண்டுக்கும் நடுவே அவளுக்கு நிற்க இடமில்லை.

4

வீட்டின் கண்ணுக்கு அடுத்தது கடையின் கண். அது சத்தம் போடாமல் பார்க்கிறது.

2012இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் சார்ல்ஸ் டூஹிக் எழுதிய ஒரு கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. டார்கெட் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி, சுமார் 25 பொருள்களை வைத்துத் தன் வாடிக்கையாளர்களில் எந்தப் பெண் கருவுற்றிருக்கக்கூடும் என்று கணித்துவந்தது. வாசனையற்ற லோஷன், சில சத்து மாத்திரைகள், இப்படிச் சாதாரணப் பொருள்கள்தான். தன் பதின்வயது மகளுக்குக் குழந்தைப்பொருள் கூப்பன்கள் வந்ததைக் கண்டு ஒரு தந்தை சண்டைக்குப் போய், பிறகு மகள் கருவுற்றிருப்பது உண்மைதான் என்று அறிந்த கதை அதில் வருகிறது. அந்தக் கதைதான் பரவியது. அது அப்படியே நடந்ததா என்று பின்னாளில் ஐயங்களும் எழுந்தன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே கட்டுரையின் இன்னொரு தகவல். தங்களைக் கடை கவனிக்கிறது என்று தெரிந்தால் பெண்கள் மிரள்வார்கள் என்பதால், குழந்தைப் பொருள்களுக்கு நடுவே புல்வெட்டும் இயந்திரத்தின் விளம்பரத்தையும் கலந்து அனுப்பத் தொடங்கினார்களாம். பார்ப்பதை நிறுத்தவில்லை. பார்ப்பது தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

2021இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணக்குச் செயலி மீது நடவடிக்கை எடுத்தது. ‘உங்கள் உடல்நலத் தகவல் எங்களோடு இருக்கும்’ என்று உறுதிகூறிவிட்டு, பெண்களின் மாதவிலக்கும் கர்ப்பமும் பற்றிய குறிப்புகளை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் பகுப்பாய்வுச் சேவைகளுக்கு அனுப்பியது என்பது குற்றச்சாட்டு. உறுதிமொழிப் பக்கத்தில் ஒன்று, உள்ளே ஓடும் நிரலில் வேறொன்று. இதை நாம் பிரதிக்கும் செயலுக்கும் இடையிலான முரண் என்று வகுப்பில் சொல்வோம்.

பெண்ணின் உடல் தகவலைக் கசியவிடுவதும் அதை மற்றவர் வாசிப்பதும் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குப் புதிய செய்தியல்ல. அகப்பாடல்களில் தலைவியின் வளை நெகிழும், பசலை படரும். தாய் அந்த அறிகுறிகளைப் பார்த்து வேலனை அழைப்பாள். வேலன் வெறியாடி, காரணம் முருகன் என்பான். வேலனின் கணிப்பு தவறு என்பது தலைவிக்கும் தோழிக்கும் நமக்கும் தெரியும். இன்றைய வேலன் கழங்கு உருட்டுவதில்லை. தேடல் வரலாற்றைப் பார்க்கிறான். சில நேரம் சரியாகவே சொல்லிவிடுகிறான். ஆபத்து அங்கேதான்.

இனி அந்தப் பொட்டலம் வீட்டுக்கு வரும் வழி. உறைமேல் பெயர், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் தெளிவாக அச்சிட்டிருக்கும். சில இடங்களில் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் எழுதியிருப்பார்கள். விடுதி வாயிற்காவலர், பக்கத்து வீட்டார், கல்லூரி அலுவலகம் என்று எத்தனையோ கைகள் மாறி அது நம்மிடம் வருகிறது. பொருளைக் கொண்டுவந்தவரிடமிருந்து இரவில் ‘ஹாய்’ என்று செய்தி வந்ததாக என் மாணவியர் சிலர் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது கவனம் தேவை. நாள் முழுக்க வெயிலில் வண்டியோட்டும் அந்த இளைஞர்களை எல்லாம் சந்தேகிப்பது மேட்டுக்குடிப் பழக்கம். சாதியும் வர்க்கமும் அந்தச் சந்தேகத்துக்குள் எளிதாகப் புகுந்துகொள்ளும். கேட்க வேண்டியது அந்த எண்ணை அவர் கையில் வைத்தது யார் என்பதைத்தான். இரு தரப்பினரின் எண்ணும் தெரியாமல் இடையில் ஒரு மாற்று எண் வழியே பேசவைக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. சில நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தவும் செய்கின்றன. எல்லாரும் அதைச் செய்யாததற்குக் காரணம் செலவு. அவர்கள் மிச்சம் பிடித்த காசுக்கு நம் நிம்மதி விலை.

5

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர் மருந்துக்கடையில் நாப்கின் கேட்டால், செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருவார்கள். தலைவலி மாத்திரைக்கு அந்த மரியாதை கிடையாது. இது அந்தரங்கத்தைக் காப்பதா? இது மறைப்பு. மாதவிடாய் வெட்கத்துக்குரியது என்ற ஊரின் முடிவை அந்தப் பை சுமக்கிறது. கறுப்புப் பையைப் பார்த்தாலே உள்ளே என்ன என்று தெருவுக்கே தெரியும். மறைப்பை முடிவுசெய்வது ஊர்; அந்தரங்கத்தை முடிவுசெய்ய வேண்டியவள் அவள். எனக்கு வெட்கமில்லை, கையில் அப்படியே கொண்டுபோவேன் என்று சொல்வதும் அவள் உரிமை. இதை யாருக்கும் சொல்ல விருப்பமில்லை என்பதும் அவள் உரிமைதான்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். நீதிபதி சந்திரசூட் எழுதிய பகுதி பெண்ணியரின் ஒரு பழைய கவலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்தரங்கம் என்ற பெயரால் வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்குத் திரை போடக் கூடாது என்பதே அந்தக் கவலை. வீட்டுக்கு ஓர் அந்தரங்கம், வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு ஓர் அந்தரங்கம். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் ஆணுடையது.

தொல்காப்பியம் அன்பின் ஐந்திணையில் வருபவர்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்கிறது. ஒருத்தியின் மிக நெருக்கமான உணர்வை உலகம் முழுக்கப் பாடலாம்; அவள் யார் என்பதை மட்டும் சொல்லக் கூடாது. பெயர் வெளிப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த மரபில் சொற்கள் உண்டு. சிலர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல். ஊரே அறியப் பேசினால் அலர். அலர் எழுந்தால் இற்செறிப்பு, அதாவது தலைவி வீட்டுக்குள் அடைக்கப்படுவாள். தகவல் கசிவைத் தொழில்நுட்பக் கோளாறு என்று ஆண்கள் பேசுகிறார்கள். நமக்கு அது அலர். ஓர் ஆணின் கொள்முதல் பட்டியல் வெளியானால் அவனுக்குச் சங்கடம். ஒரு பெண்ணின் பட்டியல் வெளியானால் அவள் கைப்பேசி பறிக்கப்படும், படிப்பு நிற்கும், திருமணம் பேசப்படும்.

புதிய சட்டம் நம் தகவலை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு பெயர் தருகிறது. தமிழில் சொன்னால் ‘தரவு நம்பகப் பொறுப்பாளர்’ என்று வரும். நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காப்பவர். அப்படியொரு பாத்திரம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறாள். அவள் பெயர் தோழி. தலைவியைப் பற்றி எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஊருக்குச் சொல்வதில்லை, அதை வைத்து ஆதாயம் தேடுவதில்லை. சொல்லியே ஆக வேண்டிய நேரம் வரும்போது தலைவியின் நன்மைக்காக, தலைவியின் பக்கம் நின்று சொல்கிறாள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். சங்க உலகம் பெண்ணுக்குச் சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. இற்செறிப்பும் அங்கேதான் இருந்தது. ஆனால் ஒருத்தியின் இரகசியத்தை அறிந்திருப்பவருக்கு என்ன கடமை என்பதற்கு ஓர் அளவுகோல் அங்கே இருக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்தை நடுவில் வைத்து ஏமாற்றும் கடையை அதனருகே நிறுத்திப் பார்த்தால் போதும்.

6

எல்லாக் காவலையும் மீறிப் பணம் போய்விட்டால்?

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கையைப் பெண்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வங்கியின் மீதும் நம் மீதும் தவறில்லாமல் அமைப்பில் வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் நமக்கு வந்த மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்துவிட்டால் நமக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலைநாள் என்றால் இழப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குப் பிறகு வங்கியின் கொள்கைப்படி. ஓடிபியையோ பின்னையோ நாமே சொல்லிவிட்டோம் என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் தலையில். தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் தலையில். வாடிக்கையாளரின் தவறு என்றால் அதை நிரூபிக்கும் சுமை வங்கிக்கே உரியது. நிதி மோசடிக்கு 1930 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. பணம் கைமாறிக் கைமாறிக் கரைவதற்குள் அழைத்தால் இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

ஆக, எல்லாமே நேரத்தில் இருக்கிறது. நேரத்தைத் தின்பது எது? வெட்கம். பணம் போன பெண் முதலில் நினைப்பது வங்கியை அல்ல. ‘அவர்கிட்ட எப்படிச் சொல்றது?’ என்பதைத்தான். ‘இவ்வளவு படிச்சும் ஏமாந்துட்டியே’ என்று கேட்பார்கள். இனிமேல் கைப்பேசியில் எதையும் வாங்கக் கூடாது என்பார்கள். கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஏமாந்த ஆணிடம் யாரும் ஏடிஎம் அட்டையைப் பிடுங்குவதில்லை. அதனால் அவள் ஒருநாள் பொறுக்கிறாள், இரண்டு நாள் பொறுக்கிறாள். விடுதியில் தோழியிடம் கடன் வாங்கிச் சமாளிக்கப் பார்க்கிறாள். மூன்று வேலைநாள் போய்விடுகிறது. சுற்றறிக்கையில் காலம் எல்லாருக்கும் ஒன்றுபோல் ஓடுகிறது. வீட்டில் அப்படி ஓடுவதில்லை.

இந்த இடத்தில்தான் ‘ஏமாறாதீர்கள்’ என்ற சொல் கெடுதல் செய்கிறது. அந்த ஏவல் வினைக்குள்ளேயே குற்றவாளி மாறிவிடுகிறார். திருடுபவனுக்கு வினை இல்லை, ஏமாறுபவளுக்குத்தான் வினை. இரவில் ஏன் வெளியே போனாய் என்று கேட்கும் அதே இலக்கணம் இது. பாலியல் வன்முறையில் அந்தக் கேள்வியை எதிர்க்கக் கற்றுக்கொண்ட நாம், பண மோசடியில் இன்னும் அதை எதிர்க்கத் தொடங்கவில்லை.

சட்டமும் இந்த வகையில் குறையுள்ளதே. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறும் நிறுவனத்துக்குப் புதிய சட்டம் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கிறது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. அந்தப் பணம் அரசின் தொகுநிதிக்குப் போகும். யாருடைய தகவல் கசிந்ததோ அவளுக்கு ஒன்றுமில்லை. அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இது நீக்குகிறது. போதாததற்கு, பொய்யான அல்லது அற்பமான புகார் என்றால் ‘அவளுக்கு’ 10,000 ரூபாய் வரை தண்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். ‘அவள்’ காத்திருக்கப் பழகியவள்தானே.

7

சட்டம் வாசற்படியில் நின்றுவிடுவதைச் சொன்னேன். வீட்டில் ஒருவர் கைப்பேசியை ஒருவர் எடுப்பதையெல்லாம் குற்றமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை இல்லை. ஆனால் வாசற்படியைத் தாண்டிய சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்று ஏற்றுக்கொண்டது. அட்டையையும் கைப்பேசியையும் பிடுங்கி வைத்துக்கொள்வது அந்தக் கணக்கில் வரும் என்று வாதாட இடமிருக்கிறது. அதோடு, கடை வாசற்படிக்கு வெளியே இருக்கிறது; சட்டத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பகிரப்படும் கைப்பேசிகள் உள்ள நாட்டில் கடை நடத்துபவர்களிடம் நாம் சிலவற்றைக் கேட்கலாம். தேடிய பொருள் திரையில் மறுபடி மறுபடி வராதிருக்க ஒரே தொடுதலில் வழி வேண்டும். வாங்கியவற்றின் பட்டியலிலிருந்து ஒன்றை நாமே நீக்க முடிய வேண்டும். உறைமேல் எண்ணும் பொருளின் பெயரும் அச்சாகக் கூடாது. இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

கேட்க உதவும் விதிகளும் இருக்கின்றன. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, நம் ஒப்புதலை முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கக் கூடாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதல்கள் வாங்குபவரை வழிதவற வைக்கும் 13 வகைத் திரை உத்திகளைத் தடுக்கின்றன. வேண்டாம் என்று சொல்பவரை வெட்கப்படவைக்கும் வாசகங்களும் அதில் அடங்கும். வெட்கப்படவைத்து வேலை வாங்குவது எப்படி என்று நமக்குத் தெரியாதா என்ன? புதிய தரவுச் சட்டப்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் பெறுவது நம் உரிமை. அந்தத் தமிழ் வரும்போது அதை வாசித்து, புரியவில்லை என்றால் புரியவில்லை என்று எழுத வேண்டியது தமிழ்த்துறைகளின் வேலை. யாப்பிலக்கணத்துக்கு இணையாக அதையும் வகுப்பில் வைக்கலாம்.

நாமே செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. சம்பளக் கணக்கிலிருந்து பிரித்து, சிறு தொகை மட்டும் உள்ள இன்னொரு கணக்கை இணையத்துக்கென வைத்துக்கொள்வது. அட்டையின் இணையப் பயன்பாட்டை வாங்கும்போது திறந்து, வாங்கியதும் மூடுவது. வங்கியில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண் யாருடையது என்று இன்றே பார்த்து, வேறொருவருடையது என்றால் மாற்றுவது. இந்த மூன்றாவது மிகச் சிறிய வேலை, ஒரு படிவம்தான். சில வீடுகளில் அதற்கு மிகப் பெரிய தைரியம் வேண்டும்.

இதைவிடச் சிறிய ஒன்று, உடனே செய்யக்கூடியது, நம் வாயில் இருக்கிறது. நாளை ஒரு மாணவி, ஒரு தங்கை, பக்கத்து வீட்டு அக்கா நம்மிடம் வந்து, பணம் போய்விட்டது என்று மெல்லச் சொல்வாள். ‘எப்படி ஏமாந்தே?’ என்று கேட்காமல் இருப்போம். ‘எப்ப நடந்துச்சு? 1930க்குக் கூப்பிட்டியா? வா, சேர்ந்து கூப்பிடலாம்.’ அதைச் சொல்ல ஒருத்தி பக்கத்தில் இருந்தால், மூன்று நாள் அவளுக்குப் போதும்.